ட்ராக் பூட்டிய சனிக்கிழமை

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் நாடு விட்டு வந்து லூயிஷாமில் குடியிருந்தோம். என் கணவர் வேலை செய்த பட்டறையில், தண்ணீரிலும் சேற்றிலும் ஓடும் எட்டுச் சக்கர வண்டிகளைத் திருத்தி வாடகைக்கு விடுவார்கள். சதுப்பு நிலத்தில் புதையாமலிருக்க, ஒவ்வொரு பக்கத்திலும் நாலு சில்லுகளையும் சுற்றித் தடித்த ரப்பர் பட்டி ஒன்றைப் பூட்டுவார்கள். அதை ட்ராக் என்பார்கள். தேவையில்லாதபோது கழற்றிவிடலாம். கழற்றுவது சுகம், பூட்டுவதுதான் பாடு.

அன்று சனிக்கிழமை. கோயிலுக்குப் போகச் சேலை உடுத்தி நின்றேன். ரெலிபோன் அடித்தது. முதலாளி. திங்கட்கிழமை ஒரு வண்டி ட்ராக்கோடு போக வேண்டுமாம். ஒரு பக்கம் ஏற்கெனவே பூட்டியாயிற்று, மற்றப் பக்கம்தான் மிச்சம்.

"கெதியாப் பூட்டிப்போட்டு நேரத்துக்குக் கோயிலுக்குப் போவம்," என்றார் இவர், ரெலிபோனை வைத்துவிட்டு.

"நான் அங்கை வந்து என்ன செய்யிறது?"

"நீர் சும்மா இரும். நான் பாக்கிறன்."

சும்மா இருக்க முடியவில்லை. பட்டியை நிலத்தில் விரித்து, வண்டியை அதன்மேல் நேராக ஏற்ற வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டறையில் வேறு ஒருவரும் இல்லை. கார்கூட ஓட்டியறியாத நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். விசையைத் தொட்டதும் வண்டி பாய்ந்து, பட்டியைத் தாண்டிப் போய் நின்றது.

"மெல்ல எண்டெல்லோ சொன்னனான்."

"மெல்லத்தான் விட்டனான். நீங்களே வந்து ஓடுங்கோ."

ஒருவழியாக ஏற்றினோம். இனி, பட்டியின் இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்து ஒரு கம்பியைக் கோக்க வேண்டும். ரயர்களில் காற்றை இறக்கியும் இரண்டு விரல் அகலம் எட்டவில்லை. அவர் வாரைப் போட்டு இழுக்க, நான் முழங்காலால் தள்ளினேன். கம்பி நுழையும் நேரம் பார்த்துப் பட்டி நழுவும். எத்தனையாவது தடவையோ, நுழைந்தது. காற்றடித்து முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். முதல் திருப்பத்திலேயே ட்ராக் கழன்று விழுந்தது.

அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"வாங்கோ, போவம். முதலாளி வேற ஆரையும் கூப்பிடட்டும்."

"அவர் கூப்பிடுவார். பிறகு எனக்கு வேலை இல்லையெண்டால்?"

எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. போய் ஒரு ரயரை ஓங்கிக் குத்தினேன். கை உள்ளே அமிழ்ந்தது.

"இதுக்குக் காத்து அடிக்கேல்லையா?"

"எல்லாத்துக்கும் அடிச்சனான்."

குனிந்து தடவிப் பார்த்தார். ஒரு சின்ன ஆணி ஏறியிருந்தது. அந்த ஒரு சில்லு இளகியதால்தான் பட்டி தொய்ந்திருக்கிறது. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டு பக்கமும் திருப்பியும் ட்ராக் அசையாமல் இருந்தபோது மத்தியானப் பூசை முடிந்திருக்கும். வீட்டுக்கே போனோம்.

திங்கள் மாலை வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்தபடி சொன்னார்:

"வாடகைக்கு எடுத்தவையின்ரை இடத்தில நிலம் காஞ்சுபோச்சாம். ட்ராக் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம். கழட்டிக் குடுத்தனான்."

"முதலாளி என்ன சொன்னவர்?"

"கெதியாக் கழட்டச் சொன்னவர்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையா?"

"என்னத்தைச் சொல்லுறது?" என்று சோற்றைப் பிசைந்தார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.