உலர்ந்த பால்கனியில் எடுத்த அளவு

வாமன் துரிக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அந்த ஒரு பொய்யை அவரால் செரிக்கவே முடியவில்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்த வேலை, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று அளப்பது. ஒரே ஒரு இடத்தில் கொத்திக் கம்பியில் ஒயரை மாட்டுவார். மயில்துத்தக் கரைசல் நிரப்பிய குழாயை, முனையில் ஈரப் பஞ்சோடு, மேலே இடம் இடமாக வைத்துப் பார்ப்பார். மீட்டரில் எண் மைனஸ் முந்நூற்றைம்பது மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், அநேகமாக உள்ளே துரு தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் அளப்பதற்கு முன் கான்கிரீட்டை நனைத்து நன்றாக ஊற விட வேண்டும். "தண்ணி காட்டலைன்னா அது வாயே தொறக்காது" என்று சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை வாங்குவார்.

மே மாதம் வர்ஸோவா கடலோரத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடம். அங்கே குழாயில் தண்ணீர் நாளுக்கு நாற்பது நிமிஷம்தான். மூன்றாம் மாடியில் சாரு பெட்னேகர் வீட்டில் அன்றைக்கு மொத்தமே மூன்று வாளி இருந்தது. பால்கனியை ஊற வைக்க ஒன்றரை வாளியாவது வேண்டும். துரிக்குக் கேட்க மனசு வரவில்லை. ஈரத் துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு அளந்தார். எந்த எண்ணும் மைனஸ் நூற்றெழுபதைத் தாண்டவில்லை. வறண்ட கான்கிரீட் அப்படித்தான் நல்லபிள்ளை வேஷம் போடும்.

படிவத்தில் 'ஊறிய நேரம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். எப்போதும் எழுதுவதுதானே என்று நானே 'அரை மணி' என்று தட்டச்சு செய்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஏன் காலியாக விட்டார் என்று நானும் கேட்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதன்பிறகு மனிதர் கொண்டுவந்த மீன் குழம்பு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனார். "என்ன துரி, வீட்ல சண்டையா?" என்று சீண்டினாலும் சிரிக்கவில்லை. ஜூனில் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தது. மூன்றாம் நாள் காலை மீட்டரை எடுத்துக்கொண்டு, "நீயும் வா" என்றார்.

சாரு வீட்டுப் பால்கனி ஊறிக் கிடந்தது. நானூற்றுப் பத்து, நானூற்று முப்பது, நானூற்று அறுபது. அத்தனையும் மைனஸ்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கானோல்கர் குதித்தார். "ஏன்யா, பாஸும் நீயே போடுவ, ஃபெயிலும் நீயே போடுவியா? ரிப்போர்ட்ட கூட்டத்துல படிச்சாச்சு. பேசாமப் போயிடு!"

"எப்ப வேணா இடிஞ்சு விழலாம், மொதல்ல பால்கனிய மூடுங்க சாகேப். அப்புறம் என்னைத் திட்டுங்க. தப்பா அளந்தேன்னு எழுதித் தர்றேன், வேலை போனாப் போகட்டும்."

அங்கேயே எழுதியும் கொடுத்தார்.

சாரு அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என் பொண்ணு தினமும் இங்கதான் உக்காந்து படிக்கிறா, அண்ணே. தண்ணி கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேனா?"

"இருந்ததே மூணு வாளிம்மா. கேக்க மனசு வரல."

"சரி. தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?"

மழைக்கு அப்புறம்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். துரி தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கே."

சாரு திட்டவில்லை. மகளின் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டாள். பால்கனிக் கதவைத் தாழிட்டாள். பிறகு அந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினாள்.

"இருபத்தாறு நாள்" என்றாள்.