மஞ்சள் போன குருவி

ஸ்காபரோவில் அமிர்தநாதர் வீட்டில் அந்தக் கோடை முழுவதும் குருவி வந்த பிறகுதான் சாப்பாடு. பக்கவாதம் வந்து பேச்சிழந்த மனைவி றோசலின், யார் கெஞ்சினாலும் வாய் திறக்கமாட்டாள். மகள் ஷாமிலா ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்ட தீன்குழாயில் மஞ்சள் குருவி வந்து குந்தினால் மட்டும் அவள் முகம் இளகும்.

“வந்திட்டார் பாரும், மாம்பழக்குருவியார். அவர் சாப்பிடுறார், நீரும் ஒரு வாய் சாப்பிடும்.”

அமிர்தநாதர் இதைச் சொன்னதும் கஞ்சிக் கரண்டி உள்ளே போய்விடும்.

எலுமிச்சை மஞ்சள் உடம்பு, நெற்றியில் கறுப்புத் தொப்பி, கறுப்புச் சிறகில் வெள்ளைக் கோடு. மன்னாரில் கண்ட மாம்பழக்குருவிதான் இந்த நாட்டுக் குளிருக்குச் சிறுத்துவிட்டது என்று அவர் முடிவுகட்டியிருந்தார். சாப்பாடு இறங்காவிட்டால் றோசலினைப் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று வீட்டுக்கு வரும் தாதி சொல்லியிருந்தாள். ஆகவே குருவி வரவேண்டும்.

ஒக்ரோபரில் மஞ்சள் ஒன்றையும் காணவில்லை. மண் நிறத்தில் ஏதோ குருவிகள் கூட்டமாக வந்து குழாயை மொய்த்தன. அமிர்தநாதர் துவாயை வீசி வீசிக் கலைத்தார். றோசலின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சனிக்கிழமை பிக்கரிங்கிலிருந்து வந்த ஷாமிலா இதைக் கண்டாள்.

“அப்பா, ஏன் கலைக்கிறீங்கள்?”

“ஊர் சுத்துற குருவியள் பிள்ளை. தீனை உதுகள் முடிச்சுப்போடுங்கள். பிறகு எங்கட ஆள் வரமாட்டார்.”

“உதுதான் உங்கட ஆள். கோல்ட்ஃபிஞ்ச். கோடைக்குத்தான் ஆண் மஞ்சளாகும், பிறகு இறகு மாத்தும். சிறகில வெள்ளைக் கோட்டைப் பாருங்கோ.”

அவர் பார்த்தார். கோடு இருந்தது.

“கோல்ட் எண்டது அந்த மஞ்சளுக்கு. ஃபிஞ்ச் எண்டது அதின்ர குரலில இருந்து வந்த பேராம்,” என்று போனைப் பார்த்து வாசித்தாள். “லத்தீனில திறிஸ்திஸ்.”

சிறுவயதில் லத்தீன் பூசைக்கு உதவியவர் அவர். பீடத்தடியில் முழந்தாளிட்டுச் சொன்ன மறுமொழியில் அந்தச் சொல் இருந்தது.

“துக்கம்,” என்றார் மெதுவாக. “ஆர் வைச்ச பேரோ.”

துவாயை மடித்து வைத்துவிட்டுக் குழாயை நிரப்பினார். கலைத்தவை உடனே திரும்பவில்லை. பல நாள் கழித்து, ஷாமிலா திரும்ப வந்திருந்தபோது, ஒன்று வந்தது. கட்டிலைத் தள்ளி, றோசலினின் தலையை ஏந்திக் காட்டினார்.

“அவர்தான் பாரும். சட்டை மாத்தியிருக்கிறார். வாயைத் திறவும்.”

அவள் குருவியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பழைய மீனைப் புதிதென்று விற்க வந்தவர்களை மன்னாரில் அவள் பார்க்கும் பார்வை. உதடுகள் இறுகிக்கொண்டன.

“றோசி, நான் உமக்குப் பொய் சொல்லுவனே?”

கஞ்சியில் ஆடை படர்ந்தது. ஷாமிலா பராமரிப்பு இல்லத்துக்கு அழைப்பெடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். அவர் தடுக்கவில்லை.