பிரிண்ட் அக்காவின் பாஸ்வேர்ட் நோட்டு

சலவைக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அகலத்தில் ஒரு கடை இருந்தது. உள்ளே இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர், முக்கி முனகித் தாள் துப்பும் ஒரு பிரிண்டர். அதை நடத்தியவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளை "பிரிண்ட் அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்த அவள் வீட்டுக்காரரும் சில நாள் மத்தியானம் போன் செய்து, "பிரிண்ட் அக்காங்களா? சாப்பிட்டீங்களா?" என்று வம்பிழுப்பார்.

கடை வைக்கும் முன்பு பத்து வருடம் ஒரு கூரியர் ஆபீஸின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிளையை இழுத்து மூடியபோது, அவர்கள் தூக்கிப் போடவிருந்த ஸ்கேனரையும் பிரிண்டரையும் கேட்டு வாங்கி வந்து இதைத் தொடங்கினாள்.

பாஸ்வேர்ட் நோட்டு தானாக வந்து சேர்ந்த ஒன்று. ஏதோ விண்ணப்பத்துக்கு ஈமெயில் வேண்டும் என்று ஒருவர் வருவார். உருவாக்கிக் கொடுப்பாள். மூன்று மாதம் கழித்து அதே ஆள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "அக்கா, அன்னிக்கு என்னமோ ஒரு வார்த்தை போட்டோமே, அது என்ன?" அதற்குள் அவருடைய போன் எண் மாறியிருக்கும். திரும்பத் திறப்பதற்குள் அரை நாள் போய்விடும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இப்படி நாலைந்து தடவை ஆனதும் ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒருவராக எழுதத் தொடங்கினாள். நாலு வருடத்தில் அந்த நோட்டு உப்பிப் போய், ரப்பர் பேண்ட் போட்டால்தான் மூடும் என்றாயிற்று.

"நீங்களே ஏதாவது வைங்கக்கா" என்பார்கள். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "உங்களுக்கு மறக்காததா ஒண்ணு சொல்லுங்க" என்பாள். மறக்காதது என்று கேட்டால் மனிதர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதை அவள் அப்போதுதான் கண்டுகொண்டாள். எதிர்வரிசைத் தையல்காரர் ஒரு பெண்ணின் பெயரையும் நாலு எண்களையும் சொன்னார். அது அவருடைய மனைவியின் பெயர் இல்லை. மனைவியும் இதே நோட்டில் பதினோரு பக்கம் தள்ளி இருந்ததால் பிரிண்ட் அக்காவுக்கு அது தெரியும். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. வீட்டில்கூட, "அத்தனை பேர் வந்து போற கடை, சொல்றதுக்கு உன்கிட்ட ஒரு கதைகூடவா கிடையாது?" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார்.

தினமும் மூன்று மணிக்குக் கார்ட்டூன்காரர் வருவார். ஒரு நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அவருக்கு ஒரு கட்டம் உண்டு. ஒரு வருடமாக அவர் பிடித்துக்கொண்டிருந்தது இன்டர்நெட்டைத்தான். ஒரு படத்தில் இருட்டில் தடவும் மனிதரிடம் போனில் உள்ள டார்ச் சொல்லும்: "வெளிச்சம் தர்றேன். அதுக்கு முன்னாடி உங்க சொந்தக்காரங்க எல்லாரோட நம்பரும் எடுத்துக்கலாமா?" இன்னொன்றில் ஜன்னலில் நிற்கும் திருடன் வீட்டு அம்மாளிடம் பணிவாகச் சொல்வான்: "நீங்க சிரமப்பட வேணாம்மா, சார் போன வாரமே சம்மதம்னு அழுத்திட்டார்." கணவன் முட்டியைத் தடவிக்கொண்டு, "எனக்கு வலிக்குதுன்னு உன்கிட்டயே இன்னும் சொல்லலியே, போன்ல எப்படி எண்ணெய் விளம்பரம் வருது?" என்று மனைவியிடம் கேட்கும் படத்தை இந்தத் தெருவில் பாதிப் பேர் வெட்டி வைத்திருந்தார்கள்.

இத்தனையும் வரைந்தவருக்குக் கணினியில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. தடித்த தாளில் மையால் வரைந்து, அட்டை உறைக்குள் வைத்துக் கொண்டுவருவார். அவள் ஸ்கேன் செய்து, தூசிப் புள்ளிகளைத் துடைத்து, அவருடைய ஈமெயிலைத் திறந்து ஆபீஸுக்கு அனுப்புவாள். அவருடைய பாஸ்வேர்டும் நோட்டில்தான் இருந்தது. ஸ்கேனர் மூடியைத் தூக்கும்போது அவள் சிரித்துவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது நிம்மதி.

அன்றைக்கும் மூன்று மணிக்கு வந்தார். அவள் உறையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தாள். குறுகலான ஒரு கடை. பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒருத்தி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, காதில் சொருகிய பென்சில். எதிரே வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டைக் கத்திச் சொல்கிறார்கள். மேஜையில் தலையணை பருமனுக்கு ஒரு நோட்டு. கீழே வாசகம்: "கவலையே படாதீங்க, உங்க ரகசியமெல்லாம் நோட்டுல பத்திரமா இருக்கு. நான் டீ குடிக்கப் போறேன், யாராவது கொஞ்சம் பார்த்துக்கோங்க."

அவள் கை தன்னையறியாமல் காதுப் பென்சிலைத் தொட்டது. அவர் அவளுடைய சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

"நல்லாயிருக்கு சார்" என்றாள்.

ஸ்கேனரில் வைத்தாள். வரைந்த பெண்ணின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்திருந்தது. அதையும் துடைத்தாள். கோப்பை இணைத்துவிட்டு, அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அழுத்தினாள். "போயிடுச்சு" என்று வழக்கம்போலச் சொன்னாள். அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் சலவைக்காரர். கையில் பேப்பர், வாயெல்லாம் பல். "அக்கா, நீங்க பெரிய ஆளாயிட்டீங்க. பேப்பர்ல வந்திருக்கீங்க." மூக்குக்கண்ணாடிக்காரரும் வந்து, கயிறு தன் கடையில் வாங்கியதுதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். பதினோரு மணி வரை சிரிப்பும் பேச்சுமாகப் போயிற்று.

அப்புறம் தையல்காரர் வந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருட்டிக்கொண்டே, "அக்கா, என் பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடுத்துடுறீங்களா? உங்கமேல சந்தேகம்னு இல்ல" என்றார்.

"அதுக்கென்னங்க, தர்றேன்" என்றாள். சந்தேகம் இல்லை என்று அவராகச் சொன்னதுதான் சுருக்கென்றது. ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கிழிக்கப் போனவள் நின்றுவிட்டாள். தாளின் பின்பக்கம் வேறொருவருடையது. இவருடையதைக் கொடுத்தால் அவருடையதும் போய்விடும். ஒரு துண்டுச் சீட்டில் நகல் எழுதி, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தாள். நோட்டில் இருந்ததை அவர் கண்ணெதிரே மார்க்கரால் கறுப்பாக்கினாள்.

அன்று மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் அப்படி வந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஒருவர் மட்டும் முகம் பார்க்காமல் கேட்டார். மார்க்கர் தேயத் தேய அவளுக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. போன வருடம் பக்கத்து மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, முன்பின் தெரியாத ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நோட்டு அவன் முழங்கைக்கு அருகே திறந்து கிடந்தது. அவன் பார்த்தானா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. அன்றைக்கு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு அதை அப்படியே மறந்துபோனாள். கார்ட்டூன்காரர் பொய் ஒன்றும் வரைந்துவிடவில்லை.

மூன்று மணிக்கு அவர் வந்தார். "நேத்து படத்துக்கு ஆபீஸ்ல நல்ல பேர்" என்று தொடங்கியவரிடம் பின் அடித்த சீட்டு ஒன்றை நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"உங்க பாஸ்வேர்ட் சார். இனிமே நீங்களே போட்டுத் திறந்துக்குங்க. எல்லாரோடதையும் திருப்பிக் குடுத்துட்டிருக்கேன்."

அவர் மேஜையில் கிடந்த கறுப்படித்த பக்கங்களைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "நான் பொதுவா, இந்த மாதிரிக் கடைங்கள நெனச்சுத்தான்..." என்று இழுத்தார். அவள் மார்க்கருக்கு மூடியைப் போட்டாள். அவரே, "இல்ல. கண்ணாடிக் கயிறு உங்களோடதுதான்" என்றார்.

"தெரியும் சார். நான்தானே ஸ்கேன் பண்ணேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வேற வரைஞ்சிருப்பேன்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. உங்க படத்துல அந்த டார்ச்கூட எடுத்துக்கலாமான்னு கேட்டுச்சு சார்."

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "இன்னொரு படம் போடறேன். உங்களப் பெருமையா..."

"வேணாம். என்னைய மறுபடி வரையாதீங்க, அது போதும். இன்னிக்குப் படத்தக் குடுங்க, நேரமாகுது."

அவர் கணினி முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். மூன்று முறை தவறாயிற்று. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தப் படத்த நீ ஏன் அனுப்பித் தொலைச்ச? நெட் வரலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது."

"அவர் குடுத்தார், அனுப்பினேன். எனக்குப் புடிச்சத மட்டும் அனுப்புவேன்னு போர்டா மாட்டியிருக்கேன்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொஞ்சம் கழித்து, "நோட்ட என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை வைத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. பத்து நாள் உட்கார்ந்து எல்லாருக்கும் சீட்டு எழுதினாள். போன் செய்து வரவழைத்தாள். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைசியாக மிஞ்சியது சிஸ்டருடையது, ஒரு தேதி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். பத்தாம் நாள் தானே கடைக்கு வந்தார்.

"எனக்கு எதுக்கு சீட்டு? அது மறக்குமா எனக்கு?" என்றார்.

"அப்ப நோட்டுல அடிச்சுடட்டுமா சிஸ்டர்?"

அவர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், மறுபடி திறந்தார். "அந்தத் தேதி என்னன்னு நீ கேட்டதே இல்ல."

"கேக்கணும்னு தோணல சிஸ்டர்."

"என் பையன் பொறந்த நாள். மறுநாள் காலையில போயிட்டான். பேர்கூட வைக்கல. என் வீட்டுக்காரரும் போனப்புறம் அது யாருக்கும் தெரியாது. உன் நோட்டுல எழுதியிருக்குன்னு ஒரு நெனப்பு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேன்னு."

பிரிண்ட் அக்கா நோட்டை மூடி வைத்தாள். "நோட்டு இருக்காது சிஸ்டர். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள். தேதியையும் மாதத்தையும் வருடத்தையும் நோட்டைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள். சிஸ்டர் தலையாட்டினார். சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுக்குநூறாகக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஊறியதை வீட்டுக்காரர் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தார். "இத்தனை பேர் ரகசியம், ஒண்ணாவது கைல தட்டுப்படுதான்னு பார்க்கறேன்" என்றார். அந்தப் பத்து நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

கடை படுத்துவிடவில்லை. சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், பலர் வந்தார்கள். தையல்காரர் இரண்டே மாதத்தில் திரும்பி வந்தார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துச் சலவைக்குப் போட்டுவிட்டாராம். ஆதியிலிருந்து எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. இம்முறை அவர் தன் மனைவியின் பெயரை வைத்தாரா என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை.

கார்ட்டூன்காரரும் வந்துகொண்டுதான் இருந்தார். ஒரு நாள் படத்தில் பக்கத்துக் கடைக்காரரின் சாயல் தெரிந்தது. "மூக்குக்கண்ணாடிக்காரர்கிட்ட கேட்டாச்சா?" என்றாள்.

"கேட்டேன். தாராளமாப் போடுங்க, மீசைய மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்கன்னார்."

இப்போது யார் வந்தாலும் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறாள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது, பெரிய எழுத்துக்கு எதை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறாள். பாஸ்வேர்ட் போடும் நேரம் வந்ததும் வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறாள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகிறது. நாலு வருடம் அவள் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்த தெரு அது. எந்த நேரத்துக்கு எந்த மாடியில் துணி காயும், எந்த நாய் எந்த வண்டியைத் துரத்தும், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் யாருக்காக ஹாரனை இரண்டு தடவை அடிக்கிறார் என்பதெல்லாம் இப்போது அவளுக்கு அத்துப்படி.