ஒரு கிழங்கானோடு திரும்பிய நாள்

“...யாரும் பாக்கலன்னு சொல்றீங்களே சார், இந்த வலைக்கு எத்தினி கண்ணு இருக்குது, எண்ணிப் பாருங்க” என்றார் படகுக்காரர்.

கழுத்துவரை தண்ணீரில் மூழ்கி, ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்தபடி அவர். மேலே, கத்தியை நீட்டிக்கொண்டு நான். வலையின் ஓட்டையைக் கண் என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு பேச்சில் என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

இது நடந்தது போன வருடம் மாசி மாதம், கடலூரில் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக் கடலில். எனக்கு நெய்வேலியில் மைன்ஸ் வேலை, கன்வேயர் பெல்ட் பிரிவு. பெல்ட் கிழிந்தால் அந்த இடத்தை அறுத்து எறிந்துவிட்டுப் புதுத் துண்டை வைத்து ஒட்டுவது. இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு. கத்தி எப்போதும் பையில் கிடக்கும்.

எங்கள் குடியிருப்பு இருக்கும் பிளாக்கின் மார்க்கெட்டில் மீன் விற்கிற அக்கா ஒருவர் உண்டு. நன்றாகப் பேசுவார், அதற்காகவே நான் நின்று நின்று மீன் வாங்குவேன். அவருடைய தம்பிதான் இந்தப் படகுக்காரர். ஒருநாள் தூண்டில் போடக் கடலுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்று பல மாதமாக அரித்து, ஒருவழியாக என் வார ஓய்வான புதன்கிழமைக்கு ஏற்பாடானது. நான் சும்மா இருந்திருக்கலாம். புதன்கிழமை மத்தியானம் நம்ம வீட்டிலிருந்துதான் மீன் வரும் என்று குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லிவைத்தேன். புளி கரைத்து வைக்கட்டுமா என்று என் மனைவி கேட்டதில் எவ்வளவு கேலி, எவ்வளவு நிஜம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னோடு வந்தவர் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் நண்பர், தென்காசிப் பக்கத்துக்காரர். விடியும்போது பைக்கில் குள்ளஞ்சாவடியைத் தாண்டி, உப்பனாற்றுக் கரையில் படகு ஏறினோம். முதல் ஒரு மணி நேரத்தில் எனக்கு விரல் நீளத்துக்கு ஒரு கிழங்கான் சிக்கியது. “இதை எப்படி பங்கு வைக்க? நீரு தலைய எடுத்துக்கிடும், நான் வாலை எடுத்துக்கிடுதேன்” என்றார் நண்பர். அதோடு அவருக்குத் தலைசுற்றல் வந்து படுத்துக்கொண்டார்.

தூரத்தில் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுவது தெரிந்தது. அங்கே மீன் இருக்கும் என்று படகுக்காரர் விசையைக் கூட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் எழுந்து நின்று, பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். முன்னால் எதுவும் தெரியவில்லை, குந்துங்க சார் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். இதோ, இதோ என்றேன். மூன்றாவது தடவை அவர் சொல்வதற்குள் படகு ஒரு குலுக்கு குலுக்கி, என்ஜின் நின்றது. யாரோ போட்டிருந்த வலை, படகுக்கு அடியில் என்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. படகுக்காரர் தண்ணீரில் இறங்கிப் பார்த்தார்.

கத்தியை எடுத்து அறுத்துவிடுங்கள், சுற்றிலும் ஒரு படகுகூட இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் சொன்னதும், முதலில் எழுதினேனே, அந்தப் பதிலை அவர் சொன்னதும் அப்போதுதான்.

பிறகு மூச்சைப் பிடித்து முங்கினார். மேலே வந்தார். மறுபடி முங்கினார். விரலாலேயே ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதில் விஷயம் புரிந்தது. வலையில் மிதந்த வெள்ளைக் கேனின் நீலக் கோட்டைப் பார்த்ததுமே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரருடையது. இந்த சீசனுக்கென்று வாங்கிய புது வலை. இரண்டு பேரும் பத்து வருடம் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். தனித்தனிப் படகு வாங்கியபின், கரையில் படகு கட்டுகிற இடத்துக்காகச் சண்டை வந்து, ஒரு வருடமாகப் பேச்சு கிடையாது.

படுத்திருந்த நண்பர், பேச்சே இல்லாத ஆளுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அதாங்க பயமே. வேற ஆளு வலைன்னா தெரியாம ஏறிடுச்சுன்னு நம்புவாங்க. இத்த நான் வேணும்னே செஞ்சதாத்தான் ஆவும். அப்புறம் எந்த ஜென்மத்துல பேசறது?” என்று சொல்லிவிட்டு மறுபடி முங்கினார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வலை விடுபட்டபோது நாலு முழத்துக்குக் கிழிந்திருந்தது. அதைக் கூட்டி முடிச்சுப் போட்டு, திரும்பக் கடலிலேயே விட்டார். அதில் நல்ல கொடுவா மீன் இரண்டு மாட்டியிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சிரித்துக்கொண்டே படகில் ஏறினார், அவ்வளவுதான்.

இனியாவது தூண்டில் போடலாம் என்று நான் முள்ளில் கோர்க்க இறாலை எடுத்தால், அவர் படகைக் கரைப் பக்கம் திருப்பிவிட்டார். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வலை இழுக்க வருவார், அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன் நான் வாயால் சொல்லிவிட வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் கூட்டிப்போகிறேன் என்றார். அப்போது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. கரை வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்கள் கரையில் இறங்கும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தன் படகில் டீசல் கேனை ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் உடம்பைக்கூடத் துடைக்காமல் நேராக அவரிடம் போனார். உன் புது வலை மேலே படகை ஏற்றிவிட்டேன், நாலு முழம் போய்விட்டது என்றார். ஒரு வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அது.

அவர் இவர் பக்கம் திரும்பாமல் எங்கள் இருவரையும் தூண்டிலையும் மேலும் கீழும் பார்த்தார். “ஊரு சுத்த வந்தவங்களுக்கு வேடிக்கை காட்டிக்கினு ஓட்டினா இப்பிடித்தான்” என்றார் பொதுவாக.

 தப்பு என்னுடையதுதான், முன்னால் நின்று மறைத்தது நான்தான் என்று ஆரம்பித்தேன். படகுக்காரர் என்னை முடிக்க விடவில்லை.

“அவரு எங்க வேணா நிப்பாருங்க. சுக்கான் என் கையிலதான இருந்துது.”

மைன்ஸில் எது உடைந்தாலும் எங்களுக்குச் சொல்லப் பழகிய பதில் ஒன்று உண்டு, முந்தின ஷிப்ட் ஆட்கள் செய்த வேலை. நானே எத்தனையோ தடவை லாக் புக்கில் அப்படி எழுதியிருக்கிறேன். பழியைப் பக்கத்தில் நின்றவன்மேல் போட எல்லா நியாயமும் இருந்தும் போடாத ஒரு மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் அந்த வார்த்தையை எழுதப் போகும்போது பேனா ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. எல்லா நாளும் ஜெயிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் படகில் ஏறி என்ஜினைக் கிளப்பினார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எங்கள் படகுக்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு அந்தப் படகைக் கரையில் கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, ஈர லுங்கியோடு அதில் ஏறி, வலை இழுக்கிறவர் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.