மெதுவாகக் கிளம்பிய தட்டு

சுற்றுகிறவற்றை ரிப்பேர் செய்யும் எங்களுக்கு, நின்றுபோனவைதான் சோறு போடுகின்றன. மோட்டார் கடை வைத்திருக்கும் சகாக்களே, சரியாகப் பார்த்த வேலையே வினையாகத் திரும்பி வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

உதறல்

கலாவதி, தறிக்காரர்களுக்குப் பட்டு நூலை, தறி நாடாவுக்குள் வைக்கும் சிறு தார்க்குச்சியில் சுற்றித் தாராக்கிக் கொடுப்பவர். மணிக்கட்டு வலியால் கையால் ராட்டை சுற்ற முடியவில்லை. ஒரு தையல் மிஷின் மோட்டாரை அதில் பொருத்திக் கொடுத்தேன். சுவிட்ச் போட்டதும் சீறிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது என் கடையின் பெருமை. சீறியது, நூல் அறுந்தது. ரெகுலேட்டர் வைத்து வேகத்தைக் குறைத்தேன். ஓடும்போது சாதுவாக ஓடியது. கிளம்பும்போது மட்டும் அதே உதறல். வழக்கமாக நூல் தரும் தறிக்காரர், வேறு ஆளிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டாராம். கலாவதி கடைக்கே வந்து சொன்னார்:

"மோட்டாரு நல்லாத்தான் கீது, நான்தான் வூட்ல குந்தப் போறேண்ணா."

வாலாஜாபாத் கிரைண்டர்

நல்ல வேலை என்று நான் நம்பியது யாருக்கு நல்லது? இதையே அரைத்துக்கொண்டிருந்தபோது வாலாஜாபாத் டிபன் கடைக்காரர் ஒருவர் மாவு கிரைண்டரோடு வந்தார். பெல்ட்டை மாற்றி, கல்லில்லாமல் ஓட்டினேன்; குதித்தது. கல்லைப் போட்டு ஓட்டினேன். சோம்பல் முறித்து எழுவதுபோல மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. மோட்டார் அதேதான், அது தள்ளும் பலமும் அதேதான். சுற்ற வேண்டிய கனம்தான் வேறு. நான் கல்லை எடுப்பதும் போடுவதுமாக இருந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாபா, ரிப்பேர் பண்றியா, இல்ல அதோட வெளாடிக்கினு இருக்கியா?"

தட்டு

ஓரம் கனத்த இரும்புத் தட்டு ஒன்றை ராட்டையின் தண்டில் மாட்டினேன். கனம் ஓரத்தில் இருந்தால் தட்டு லேசில் அசைந்து கொடுக்காது. கலாவதி சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தட்டு யோசித்து யோசித்துக் கிளம்பியது. நூல் அறவில்லை. ஆனால் நிறுத்தினால் நிற்கவும் இல்லை. மெதுவாகக் கிளம்பியது மெதுவாகத்தானே நிற்கும்! தார் நிரம்பி வழிந்து ஒரே சிக்கல். நான் தலையில் கைவைத்தேன். அவரோ பழைய புடவைத் துண்டை மடித்துத் தட்டின் ஓரத்தில் பதமாக அழுத்தினார், நின்றது. அடுத்த தாரையும் அதற்கடுத்ததையும் ஒரு முடிச்சும் விழாமல் சுற்றிவிட்டு, தறிக்காரருக்கு போன் போட்டார்.

"நூலை வேற யாருக்கும் குடுத்துடாதண்ணா, எடுக்க வந்துக்கினே இருக்கேன்."

இத்தனை வருடம் வேகத்தையே விற்ற எனக்கு, நிதானத்தையும் விற்கலாம் என்பது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அதுவும் மெதுவாக.