கேட்டைப் பூட்டியது யார்?

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தலைமை வந்தது. இரண்டும் எங்கள் வீட்டு ஆட்கள். ஒருவர் என் அம்மா. இன்னொருவர் என் அத்தை, அதாவது அப்பாவின் உடன்பிறந்த அக்கா. சின்ன வயதிலேயே கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டவர் என்பதால் பிள்ளைகள் நாங்கள் அவரைச் சிஸ்டர் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.

பள்ளிக்கூடம் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆற்றின் வடகரையில் இருந்தது. தொடங்கிய நாளிலிருந்து சிஸ்டர்கள்தான் தலைமையாசிரியை. பிறகு மடத்தில் சேருகிற பெண்கள் குறைந்துபோனார்கள். இருக்கிற சிஸ்டர்களை எத்தனை ஊருக்குத்தான் பங்கு வைப்பது? சபையில் கூடிப் பேசி, தலைமையாசிரியை வேலையைப் பொதுநிலையினர் ஒருவருக்குக் கொடுப்பது, தாளாளராக ஒரு சிஸ்டர் இருப்பது, பள்ளியை இருவரும் சேர்ந்து நடத்துவது என்று முடிவு செய்தார்கள். பொதுநிலையினர் என்றால் வேறொன்றுமில்லை, துறவறம் போகாமல் வீடு, பிள்ளை, குக்கர் விசில் என்று கிடப்பவர்கள். அங்கே பல வருடமாகக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தப் பொறுப்பு வந்தது. ஒரு வருடம் பார்ப்போம், சரிவராவிட்டால் பழையபடி சிஸ்டரையே போட்டுவிடுவோம் என்று ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. அந்த ஜூன் மாதமே தாளாளராக மாற்றலாகி வந்து இறங்கியவர் சிஸ்டர் அத்தை.

ஊருக்குக் கேட்க வேண்டுமா? நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே ஆபீசில் என்றால் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரிதான். ஒரு உறைக்குள் ரெண்டு கத்தி எத்தனை நாளைக்கு இருக்கும் என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி என்னிடமே கேட்டார். வகுப்புத் தோழிகள் தினமும் காலையில், வீட்டில் சண்டை நடந்ததா என்று விசாரித்தார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே ஏமாற்றமாக இருந்தது. எப்படியும் ஒரு நாள் நடக்கும் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். பேட்டையில் பட்டறை வேலைக்குப் போய்விட்டு இருட்டும்போது வந்து சேருகிற அப்பா மட்டும் இந்தப் பேச்சில் தலையிட மாட்டார்.

ஆனால் சண்டைக்குப் பதிலாக நடந்தது அளவுக்கு மீறிய மரியாதை. வீட்டில் அத்தையை 'மைனி' என்று கூப்பிடுகிற அம்மா, பள்ளியில் 'சிஸ்டர்' என்பார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடும்போதுகூட அம்மாவை 'டீச்சர்' என்றுதான் சொல்வார். வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் நீங்க போங்க, நீங்க போங்க என்று நிற்பதில் மணி அடித்துவிடும். ஆபீசில் இருந்த பெரிய நாற்காலியை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில், ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அதில் மடத்துப் பூனைதான் படுத்துக் கிடந்தது. எந்தக் காரியமானாலும் இவர் அவரைக் கேட்பார், அவர் இவரைக் கேட்பார். தெரியாமல்கூட மற்றவர் அதிகாரத்தில் கால் வைத்துவிடக் கூடாது என்று அவ்வளவு பயம்.

அந்தப் பயம்தான் ஐப்பசி மழையில் இருவரையும் மாட்டிவிட்டது.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் தென்கரையிலிருந்து தரைப்பாலம் வழியாக நடந்து வருகிறவர்கள். அப்பா அம்மா பெரும்பாலும் வாழைத் தோட்டத்திலும் வயலிலும் கூலி வேலை பார்ப்பவர்கள். அன்று காலையில் பிடித்த மழை மத்தியானம் வரைக்கும் விடவில்லை. மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவைக்க வேண்டும். இதுவா அதுவா என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

அம்மா என்னைக் கூப்பிட்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மடத்துக்குப் போய் சிஸ்டரிடம் கேட்டுவரச் சொன்னார். மழைக்குள் ஓடினேன். "டீச்சர் என்ன சொல்லுதாங்களோ அதான்னு சொல்லு" என்றார் அத்தை. திரும்பி ஓடிவந்து சொன்னேன். சிஸ்டர் எப்படிச் சொன்னாலும் தனக்குச் சம்மதம் என்றார் அம்மா. மறுபடி ஓடினேன். டீச்சர்தானே தலைமையாசிரியை என்றார் அத்தை. குடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பாவாடை முழுக்கச் செம்மண். கடைசி முறை வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கேட்டைப் பூட்டினார். பாலத்தின் மேல் பிள்ளைகள் நடக்கும்போது தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்பது அவர் கணக்கு.

அதே நேரத்தில் மடத்தில் அத்தையும் பொறுமை இழந்திருக்கிறார். தண்ணீர் ஏறுவதற்குள் பிள்ளைகள் அந்தக் கரைக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் கணக்கு. மடத்து வராந்தாவில் தொங்கிய மணியை அவரே பிடித்து அடித்துவிட்டார்.

மணிச் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடமே பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவந்தது. கேட்டில் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் சாவியோடு அம்மா. எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு அத்தை வந்து நின்றார். பிள்ளைகள், டீச்சர்மார், வாட்ச்மேன் தாத்தா எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இத்தனை மாதம் காத்திருந்த சண்டை இதோ வந்துவிட்டது என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். பயத்தைவிட ஆசைதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தை பூட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தலைமையாசிரியை முடிவு பண்ணியாச்சு. எல்லாரும் உள்ள போங்க" என்றார். அவ்வளவுதான். வடகரைப் பிள்ளைகளைப் பார்த்து ஒவ்வொருவராக வெளியே விட்டார்கள். தென்கரைப் பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்தார்கள். மடத்து அடுப்பில் கஞ்சி கொதித்தது, தேங்காய்த் துவையல் அரைத்தார்கள். அத்தையே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார்.

ஆறு என்ன செய்தது தெரியுமா? பாலத்துக்கு ஒரு சாண் கீழே வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டது. நான்கு மணிக்கு வெயிலும் அடித்தது.

பிள்ளைகள் வரவில்லை என்றதும் தென்கரைக்காரர்கள் பதறியடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். முழங்கால் வரை சேறு, சிலர் கையில் அரிவாள்கூட அப்படியே இருந்தது. "ஒரு பொட்டுத் தண்ணி பாலத்துல ஏறல. எங்க பிள்ளையள எதுக்கு அடைச்சி வச்சிருக்கிய? பாதி வேலையில போட்டுட்டு வாரோம். யாரு பூட்டுனது?" என்று தென்கரைப் பெண் ஒருவர் சத்தம் போட்டார். சிஸ்டர்மார் பார்த்தவரைக்கும் இப்படி நடந்ததில்லை, மேலே சபைக்கே எழுதிப் போடுவோம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வருட நிபந்தனையில் ஐந்து மாதம்கூட முடியவில்லை.

"நான்தான் பூட்டச் சொன்னேன்" என்றார் சிஸ்டர் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டர் பொய் சொல்வார்களா? அம்மா விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

"இல்லம்மா, சிஸ்டர் விடத்தான் மணி அடிச்சாங்க. பூட்டுனது நான். சாவி இந்தா என் கையிலதான இருக்கு."

"பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர் நான். பொறுப்பு என்னோடது. டீச்சர், நீங்க உள்ள போங்க."

"தலைமையாசிரியை நான். நான் எங்கயும் போகல, மைனி."

பள்ளிக்கூட வாசலில் அம்மா மைனி என்று சொன்னது அன்றுதான். இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். ஏச வந்தவர்களுக்கு யாரைப் பார்த்து ஏசுவது என்று தெரியவில்லை. கடைசியில் தலைப்பாகை கட்டிய ஒரு மாமா, "யாராவது ஒரு ஆளு ஒத்துக்கிடுங்கம்மா. நாங்க ஏசிட்டுப் போயிருதோம்" என்றார். யாரோ சிரித்தார்கள். முதலில் சத்தம் போட்ட தென்கரைப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் மகள் வாயில் ஒட்டியிருந்த துவையலை முந்தானையால் துடைத்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்களும் முனகிக்கொண்டே போனார்கள்.

இருட்டும் நேரத்தில் அப்பா வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்ச் சொன்னேன், இன்றைக்குச் சண்டை நடந்தது, எல்லார் முன்னாலும், யார் பெரிய ஆள் என்று. யார் ஜெயித்தது என்று கேட்டார். ரெண்டு பேருமே விடவில்லை என்றேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மாவை இப்படிக் கேலி செய்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது. மறுநாள் தோழிகளிடம் விட்ட கதையில் நான் இன்னும் கொஞ்சம் கை, கால் வைத்தேன்.

அடுத்த ஜூனில் யாரும் நிபந்தனையைப் பற்றிப் பேசவில்லை. அம்மா ஓய்வு பெறும்வரை அங்கேதான் தலைமையாசிரியையாக இருந்தார். இப்போது நானும் நெல்லை டவுணில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஏதாவது ஒரு காரியம் கெட்டுப்போனால், யார் செய்தது என்று கேட்கும் கூட்டத்தில் எல்லோரும் எப்படி அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்போம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பார்த்திருக்கிறேன். அன்று கேட்டருகே அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது ஒரே பக்கம்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.