மங்குஸ்தான் தோல் கஷாயம்

உண்டவுடன் கழிப்பறைக்கு ஓடவைக்கும் குடல் நோய் எனக்கு. அதை மறைக்கவே அலுவலகத்தில் தனியே உண்பேன். பக்கத்து மேசையில் கணக்கெழுதும் கிராணி அந்தோணியும் எவருடனும் உண்ணமாட்டார். சாதி பார்க்கிறார் என்றே எண்ணியிருந்தேன்.

ஐரோப்பிய யுத்தம் முடிந்த மறு வருடம், தைப்பூசம் கழிந்த திங்கட்கிழமை, டாக்டர் மருந்துகளில் நம்பிக்கை இழந்து, மங்குஸ்தான் தோல் கஷாயம் தேடிப் பினாங்கு கேம்பல் வீதிச் சீன மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே அதையே குடித்துக்கொண்டிருந்தார் அந்தோணி.

"உங்களுக்குமா அண்ணே? சாதி பார்த்து ஒதுங்குறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நானும் உங்கள அப்படித்தான் நெனச்சேன்," என்றேன். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

"நாளைக்குச் சேர்ந்து கஞ்சி குடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஊருக்குக் கப்பல் ஏறுறேன், அண்ணே. உடம்பு தாங்கல."

கடைக்காரர் எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். பினாங்கு வந்தபின் இன்னொருவருடன் உட்கார்ந்து நான் அருந்தியது அது ஒன்றுதான். அவ்வளவு கசப்பையும் மெதுவாகவே குடித்தேன்.